மேலே மழையா என்று கேட்டுவிட்டு இறங்குங்கள்

வாசகர் கேள்வி – பதில்

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கைச் சுற்றியுள்ள அருவிகளைப் பற்றிப் போன இதழில் சில வரிகள் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களே ஒரு கட்டு சேர்ந்துவிட்டன. அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் அருவிக்கே. புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் உத்தமபாளையத்துக்காரி. இங்கேயே பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவள். நான் நடத்திய பாடத்தில் பாதி ஜன்னலுக்கு வெளியே நிற்கும் மலைதான்.

வருஷா வருஷம் ஜூலையில் குற்றால சீசனுக்குப் போவோம். இந்த முறை சுருளி, கும்பக்கரை பக்கம் வரலாம் என்று வீட்டில் பேச்சு. அங்கேயும் அதே மாதம்தானா?
– விருதுநகர் வாசகி

இல்லை அம்மா. குற்றாலத்துக்குச் செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று சாரலை நேராகக் கொண்டுவந்து சேர்த்துவிடும். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை குறைவு. மேற்கே இடுக்கி மலை குறுக்கே நிற்கிறது. மேகம் சுமையெல்லாம் கேரளப் பக்கமே இறக்கி வைத்துவிட்டு, வெறும் காற்றாகத்தான் இந்தப் பக்கம் இறங்கும். ஜூலையில் குமுளியில் குடை இல்லாமல் நடக்க முடியாது. அங்கிருந்து மலைப்பாதையில் கீழே இறங்கிக் கம்பம் வந்து சேர்ந்தால் தூறலோடு சரி, பல நாள் அதுவும் இருக்காது. காற்று மட்டும் ஆளைத் தள்ளும். ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் சுற்றுவது அந்தக் காற்றில்தான்.

ஆனால் சுருளிக்கு வரும் தண்ணீர் கீழே பெய்கிற மழை இல்லை. மேகமலை உச்சியில் தூவானம், அரிசிப்பாறை, ஈத்தைப்பாறை பக்கம் பெய்வது. அந்த உச்சி இரண்டு பருவத்து மேகத்தையும் பிடித்துக்கொள்ளும். அதனால் ஜூலையிலும் சுருளியில் ஓரளவு தண்ணீர் எதிர்பார்க்கலாம். கும்பக்கரை அப்படி இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் கொடைக்கானலில் மழை பிடித்தால்தான் அதற்கு முழு உயிர் வரும். அந்த மாதங்களில் ஒரு சங்கடமும் உண்டு. தண்ணீர் மிதமிஞ்சி வந்து, குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். தீபாவளி விடுமுறையை நம்பி வந்து, கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிற குடும்பங்கள் ஏராளம்.

என்னைக் கேட்டால், மழை ஓய்ந்த பிறகு மார்கழிக் கடைசியிலிருந்து தை பாதி வரை வாருங்கள். தண்ணீர் கலங்கல் தெளிந்து, ஒரே அளவாக விழும். பொங்கல் விடுமுறை நாட்களை மட்டும் விட்டுவிடுங்கள், கூட்டத்தில் குழந்தைகளைத் தேடவே நேரம் போய்விடும்.

பேரப்பிள்ளைகளோடு கும்பக்கரை போயிருந்தோம். நல்ல வெயில், மேகமே இல்லை, தண்ணீரும் அளவாகத்தான் விழுந்தது. திடீரென்று காவலர்கள் விசில் ஊதி எல்லோரையும் மேலே ஏறச் சொல்லிவிட்டார்கள். ஏன் என்று கேட்டால் "வெள்ளம் வருது" என்கிறார்கள். வெயில் அடிக்கும்போது வெள்ளமா? நுழைவுக் கட்டணமும் வீணாயிற்று. இது தேவையில்லாத கெடுபிடி இல்லையா?
– திண்டுக்கல் வாசகர்

ஐயா, வந்த கடிதங்களில் நான் முதலில் பதில் எழுத உட்கார்ந்தது உங்களுடையதற்குத்தான். அவர்கள் செய்தது கெடுபிடி இல்லை. உங்கள் பேரப்பிள்ளைகள் பத்திரமாக வீடு வந்து சேர்ந்ததற்கு அந்த விசிலும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வெயிலில் வெள்ளம் வரும். கும்பக்கரையில் அது சாதாரணமாக நடப்பதுதான். நீங்கள் நின்ற இடம் பெரியகுளத்துக்குப் பக்கத்தில், மலையின் காலடியில். உங்கள் தலையில் விழுந்த தண்ணீரோ கொடைக்கானல் தண்ணீர். வட்டக்கானல் பக்கத்தில் பிறக்கிற பாம்பாறுதான் கும்பக்கரையில் வந்து விழுகிறது. கொடைக்கானல் என்றதும் நமக்கு வத்தலக்குண்டு வழியாகப் பஸ்ஸில் சுற்றிச் சுற்றி ஏறுகிற தூரம் நினைவுக்கு வருகிறது. தண்ணீர் அப்படிச் சுற்றி வருவதில்லை. பெரியகுளத்துக்கு நேர் மேலேதான் கொடைக்கானல். அந்தச் சாலை போடுவதற்கு முன்னால் குதிரையிலும் பல்லக்கிலும் நடந்தும் இந்தப் பக்கமாகத்தான் மேலே ஏறினார்கள். ஏறக்குறைய 7,000 அடி உயரத்திலிருந்து செங்குத்தான பாறை வழியாக இறங்கும் தண்ணீருக்கு இடையில் நின்று மூச்சுவிடச் சமவெளி கிடையாது, பெரிய குளமோ ஏரியோ கிடையாது.

காலையில் மலைச்சரிவு வெயிலில் காய்கிறது. சூடான ஈரக்காற்று சரிவிலேயே மேலே ஏறி, மதியத்துக்கு மேல் உச்சியில் கருமேகமாகத் திரளும். கொடைக்கானலில் இரண்டு மணிக்கு இடியோடு ஒரு மணி நேரம் கொட்டினால் போதும். அந்த நேரம் பெரியகுளத்தில் மாங்காய் காய வைத்துக்கொண்டிருப்பார்கள், அத்தனை வெயில். கீழே அண்ணாந்து பார்த்தால் உங்களுக்குத் தெரிவது முன்னால் இருக்கும் முதல் வரிசை மலை. அதற்குப் பின்னால், அதற்கும் மேலே என்ன நடக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. காவலர்களுக்கு மேலிருந்து தகவல் வருகிறது. அதை நம்பித்தான் விசில் ஊதுகிறார்கள்.

விசில் ஊத ஆளில்லாத ஓடைகளும் இந்த மலையில் நிறைய இருக்கின்றன. அங்கே நிற்க நேர்ந்தால் தண்ணீரையே பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். முதலில் நிறம் மாறும். கண்ணாடியாக ஓடிக்கொண்டிருந்த தண்ணீரில் தேநீர்க் கலங்கல் போல லேசாக ஒரு பழுப்பு ஏறும். அடுத்து சருகும் சுள்ளியும் மிதந்து வரும். ஒன்றிரண்டு சருகு எப்போதும் வரும், அது பரவாயில்லை. கொத்துக் கொத்தாக, பச்சை இலையோடு ஒடிந்த குச்சி வந்தால் மேலே கரை அரிக்கிறது என்று அர்த்தம். சிறிது நேரம் முன்பு வரை காய்ந்து கிடந்த ஒரு பாறையின் விளிம்பு நனைந்திருக்கும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறிவிட வேண்டும். இரைச்சல் கேட்ட பிறகு ஏறலாம் என்று நின்றால் நேரம் இருக்காது.

ஏறும்போது நீங்கள் வந்த கரைக்கே ஏறுங்கள். பக்கத்தில் இருக்கிறதே என்று நடுவில் இருக்கும் பாறையில் ஏறி நிற்பவர்கள்தான் இரண்டு பக்கமும் தண்ணீர் சூழ்ந்து மாட்டிக்கொள்கிறார்கள். தீயணைப்பு வீரர்கள் கயிறு கட்டி மீட்டார்கள் என்று செய்தித்தாளில் வருவதெல்லாம் பெரும்பாலும் அப்படி நின்றவர்கள்தான். செருப்பு, துண்டு, கைப்பேசி எதற்காகவும் திரும்பிப் போகாதீர்கள்.

நுழைவுக் கட்டணம் வீணாயிற்று என்ற உங்கள் வருத்தம் புரிகிறது. அதற்கு ஒரு வழி சொல்கிறேன். பெரியகுளம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஆட்டோக்காரர் யாரிடமாவது "இன்னைக்குக் கும்பக்கரையில் விடுறாங்களா?" என்று கேளுங்கள். அவர்களுக்குத் தெரியாமல் அங்கே எதுவும் நடக்காது. கொடைக்கானலில் தெரிந்தவர் யாராவது இருந்தால் மேலே மழையா என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

என் மகன் கல்லூரியில் படிக்கிறான், நன்றாக நீச்சல் தெரியும். கும்பக்கரையில் யானை கெஜம் என்று ஒரு இடம் இருக்கிறதாமே, அதில் குதித்துக் குளிக்க வேண்டும் என்கிறான். அனுமதிக்கலாமா?
– மதுரை வாசகி

வேண்டாம். இதில் யோசிக்கவே ஒன்றும் இல்லை.

யானை கெஜம், குதிரை கெஜம், பாம்பு கெஜம் என்று அங்கே பாறைக் குழிகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அவை எப்படி உண்டாயின என்று உங்கள் மகனுக்குச் சொல்லுங்கள், அவனே புரிந்துகொள்வான். பாறையில் சின்னப் பள்ளம் ஒன்று இருக்கிறது. வெள்ளத்தில் உருண்டு வரும் கூழாங்கல் அதில் விழுந்து வெளியேற முடியாமல் மாட்டிக்கொள்கிறது. தண்ணீர் அதைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறது. ஆட்டுரலில் குழவி சுற்றுவதுதான், மாவுக்குப் பதிலாக இங்கே அரைபடுவது பாறை. ஆயிரக்கணக்கான வருஷம் இப்படி அரைத்து அரைத்துப் பள்ளம் ஆழமாகிறது, பக்கவாட்டிலும் குடைகிறது. வாய் குறுகலாகவும் உள்ளே அகலமாகவும் இருக்கிற குழிகள் அப்படி வந்தவை. கல்லைச் சுழற்றிய அதே நீர்ச்சுழல் இன்றைக்கும் உள்ளே இருக்கிறது. அது மனிதரையும் சுழற்றும்.

மேலே இருந்து பார்த்தால் பச்சையாக அசையாமல் கிடக்கும். அதைப் பார்த்துத்தான் பையன்கள் ஏமாறுகிறார்கள். நீச்சல் தெரிந்தவனுக்குத் தண்ணீரை வெட்டி வர இடம் வேண்டும், பிடித்து ஏற விளிம்பு வேண்டும். குழியின் சுவர் வழவழவென்று தேய்ந்திருக்கும், விரல் பிடிக்காது. சுற்றியுள்ள பாறையும் அப்படித்தான். பாசியே இல்லாத இடத்தில்கூட ஈரக்கால் வழுக்கும். குளிக்க ஒதுக்கியிருக்கும் இடத்தில், கம்பி கட்டியிருக்கும் இடத்தில் அவன் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கட்டும். கம்பிக்கு அந்தப் பக்கம் போகக் கூடாது.

அப்பாவுக்குச் சுருளியில் தர்ப்பணம் கொடுக்க வேண்டும் என்பது அம்மாவின் நீண்ட நாள் ஆசை. வயது எழுபதைத் தாண்டிவிட்டது, முழங்கால் வலி. ஆடி அமாவாசைக்கு அழைத்து வரலாமா?
– ஈரோடு வாசகர்

தாராளமாக அழைத்து வாருங்கள் தம்பி. ஆனால் ஆடி அமாவாசை வேண்டாம். ஆடி, தை, புரட்டாசி அமாவாசைகளில் மூன்று பக்கமிருந்தும் ஜனம் வரும். வண்டியைத் தூரத்திலேயே நிறுத்த வேண்டியிருக்கும். அம்மாவால் அந்த நெரிசலில் நடக்க முடியாது. வேறொரு மாத அமாவாசையில், காலை வெயில் ஏறுவதற்கு முன்னால் வந்துவிடுங்கள்.

வாகனம் நிற்கும் இடத்திலிருந்து அருவிக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடை உண்டு. பாதை நல்ல பாதைதான், மரநிழல் இருக்கும், ஆனால் மெல்ல ஏறிக்கொண்டே போகும். அம்மாவுக்கு முடியாது என்று தோன்றினால் அருவி வரை போகத்தான் வேண்டும் என்பதில்லை. கீழே ஆற்றங்கரையிலேயே எத்தனையோ பேர் தர்ப்பணம் கொடுக்கிறார்கள். அருவியில் விழுந்த தண்ணீர்தான் அங்கேயும் ஓடுகிறது. பூதநாராயணன் கோவிலும் வேலப்பர் கோவிலும் அங்கேயே இருக்கின்றன. நிதானமாகக் கும்பிட்டுவிட்டு, உட்கார்ந்து, சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம்.

உங்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன், மற்ற வாசகர்களுக்கும் சேர்த்து. தர்ப்பணம் முடிந்ததும் கட்டியிருந்த துணியை ஆற்றில் விடுகிற வழக்கம் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அமாவாசைக்கு மறுநாள் காலையில் வந்து பார்க்க வேண்டும். வேட்டியும் சேலையும் பாறை இடுக்கில் சுற்றிக்கொண்டு, அதில் பூவும் நெகிழிப் பையும் சேர்ந்து தண்ணீர் தேங்கி நிற்கும். இப்போது பாலியெஸ்டர் கலந்த துணிதான் அதிகம், அது மக்குவதே இல்லை. அதை இழுத்து வெளியே போட வேலையாட்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார்கள். அந்தத் தண்ணீர் சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டங்களுக்குப் போகிறது, முல்லையாற்றில் சேர்கிறது, உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று எங்கள் ஊர்களையெல்லாம் தொட்டுக்கொண்டு வைகைக்குப் போகிறது. வழியில் எத்தனையோ ஊர்களுக்குக் குடிநீர் அந்த ஆற்றிலிருந்துதான். சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எல்லாவற்றுக்கும் இதே பதில். உங்கள் அப்பாவுக்காகக் கை நிறைய அள்ளி விடுகிற அந்தத் தண்ணீர் கீழே ஒரு வீட்டில் குழந்தை குடிக்கப் போகும் தண்ணீர்.

ஈரத்துணியை மாற்ற அறை உண்டு. ஒரு பையைக் கையோடு கொண்டு வந்து, துணியை அதில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போங்கள். துவைத்து யாருக்காவது கொடுத்தால் அதுவும் புண்ணியம்தான்.

சுருளி, சின்னச் சுருளி இரண்டும் பக்கத்துப் பக்கத்திலா? ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதற்கு நடந்து போகலாமா?
– சேலம் வாசகர்

பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். நடுவில் மேகமலை முழுவதும் இருக்கிறது. சுருளி கம்பத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர், மலையின் மேற்குச் சரிவில். சின்னச் சுருளி மலைக்குக் கிழக்கே, வருசநாட்டுப் பக்கம், கோம்பைத்தொழுவில். தேனியிலிருந்து ஆண்டிபட்டிச் சாலையில் வந்து, கண்டமனூர் விலக்கில் திரும்பி, கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை வழியாகப் போக வேண்டும். சுருளித் தண்ணீர் முல்லையாற்றோடு போகிறது. சின்னச் சுருளித் தண்ணீர் மூல வைகைக்குப் போகிறது. ஒரே மலையில் பெய்த மழை இரண்டு பக்கமாகப் பிரிந்து, கடைசியில் வைகையில் சந்தித்துக்கொள்கிறது.

இன்னொன்று, கோம்பை வேறு, கோம்பைத்தொழு வேறு. கோம்பை எங்கள் உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர். கைப்பேசி வரைபடத்தில் பாதிப் பெயரைத் தட்டிவிட்டு கோம்பைக் கடைத்தெருவில் வந்து நின்று "அருவி எங்கே?" என்று கேட்பவர்கள் அடிக்கடி வருகிறார்கள்.

எது அழகு என்றால், எனக்குச் சின்னச் சுருளிதான். கூட்டம் குறைவு. போகிற வழியில் வருசநாட்டு மலை இரண்டு பக்கமும் நெருங்கி வருவதே ஒரு காட்சி. ஆனால் மழை இல்லாத மாதங்களில் சீக்கிரம் மெலிந்துவிடும், விசாரிக்காமல் போகாதீர்கள்.

யானை நடமாட்டம் என்று சொல்லிச் சுருளியை மூடிவிட்டார்கள், வெளியூரிலிருந்து வந்து ஏமாந்து போனோம். யானையை விரட்டிவிட்டுத் திறக்கக் கூடாதா?
– சிவகாசி வாசகர்

யானை அங்கே விருந்தாளியாக வரவில்லை, நாம்தான் போகிறோம். 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவித்தார்கள், ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். சுருளிக்கு மேலே நீங்கள் பார்க்கும் காடு எல்லாம் அதோடு சேர்ந்தது. கோடையில் மேலே ஓடைகள் வற்றினால் யானைக் கூட்டம் தண்ணீருக்கு இறங்கும். குட்டியோடு வந்த யானை பாதையோரம் நிற்கும்போது பட்டாசு போட்டு விரட்டினால் அது காட்டுக்குள்ளேயே ஓடும் என்று எந்த நிச்சயமும் இல்லை. அருவிக்கு வரும் பாதையிலேயே இறங்கி வரலாம்.

2023 மே மாதம் அரிக்கொம்பன் கம்பம் நகருக்குள்ளேயே வந்துவிட்டது உங்களுக்கு நினைவிருக்கும். மூணாறு பக்கத்திலிருந்து பிடித்துப் பெரியாறு காட்டில் விட்ட யானை, மலை இறங்கி எங்கள் தெருவுக்கு வந்தது. ஜூன் 5ஆம் தேதி மயக்க ஊசி போட்டுப் பிடித்துக் களக்காடு–முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோகும் வரை இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் நிம்மதியாகத் தூங்கவில்லை. ஆனாலும் கூண்டு போன்ற லாரியில் அதைக் கொண்டுபோனபோது, ஐயோ பாவம் என்று சொல்லாத பெண்கள் இங்கே இல்லை. பயமும் பாசமும் சேர்ந்தேதான் எங்களுக்கு யானை. மூடியிருந்தால் ஒரு நாள் பொறுத்து வாருங்கள்.

கொடைக்கானல் போகும் வழியில் தூரத்தில் வெள்ளைக் கோடாக ஒரு அருவி தெரிந்தது. அதற்குப் போக முடியுமா?
– புதுச்சேரி வாசகர்

அது தலையாறு அருவி. எலிவால் அருவி என்றும் சொல்வார்கள். 297 மீட்டர், தமிழ்நாட்டிலேயே உயரமானது. டம் டம் பாறையில் வண்டியை நிறுத்திப் பாருங்கள், அதுதான் அதைப் பார்க்கச் சரியான இடம். அடிவாரத்துக்குப் போக நல்ல பாதை கிடையாது. ஆசைப்பட வேண்டாம்.

என் ஏழு வயது மகன் கேட்கிறான்: "மழையே பெய்யாத மாசத்தில் அருவிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருது? மேலே டேங்க் இருக்கா?" என்ன சொல்வது?
– பெங்களூரு வாசகி

பிள்ளைக்கு என் ஆசி. "ஆமாம், இருக்கிறது" என்று சொல்லுங்கள். அவன் நினைப்பது இரண்டு விதத்தில் சரி.

மேகமலையில் மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு, தூவானம் என்று அணைகள் இருக்கின்றன. மின்சாரம் எடுக்கக் கட்டியவை. அது மனிதர் கட்டிய டேங்க். அதைவிடப் பெரிய டேங்க் சோலைக்காடு. மலை உச்சியில் மடிப்பு மடிப்பாகக் குட்டை மரங்கள் நெருங்கி நிற்கும், சுற்றிலும் புல்வெளி. மேகம் அந்த மரங்களை உரசிக்கொண்டு போகும்போதே இலையிலும் பாசியிலும் ஈரம் ஒட்டிக்கொண்டு சொட்டும். அடியில் முழங்கை ஆழத்துக்கு மக்கிய சருகு. அதன் கீழே கறுத்த மண். பெய்த மழை ஓடிவிடாமல் அதற்குள் இறங்கி, பாறை இடுக்கு வழியாகக் கசிந்து, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். மாசி மாதத்தில் நீங்கள் தலையை நீட்டுவது மார்கழிக்கு முன் பெய்த மழையில்.

வகுப்பில் நான் செய்து காட்டியதை வீட்டில் செய்து பாருங்கள். இரண்டு பழைய தகர டப்பாக்களை எடுத்து அடியில் ஆணியால் துளை போடுங்கள். ஒன்றில் வெறும் மண்ணை அழுத்தி நிரப்புங்கள். இன்னொன்றில் புல்லோடு பெயர்த்த மண்கட்டியை வைத்து மேலே சருகு போடுங்கள். இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றுங்கள். வெறும் மண்ணில் ஊற்றியது மேலேயே தேங்கி வழிந்து, சேறாகக் கொட்டும். புல் இருக்கும் டப்பா முதலில் ஒன்றும் தராது. அப்புறம் சொட்டுச் சொட்டாகத் தர ஆரம்பித்து, பையன் விளையாடப் போய்த் திரும்பி வரும்போதும் தெளிவாகச் சொட்டிக்கொண்டிருக்கும். வெள்ளம் ஏன் கலங்கலாக வருகிறது என்பதும் அவனுக்கு அப்போதே விளங்கிவிடும்.

இதை ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்றால், சோலையை வெட்டி வேறு மரம் நட்ட சரிவுகளில் ஓடைகள் மழைக்கு முரட்டுத்தனமாக வந்து, மழை நின்றதும் சீக்கிரம் வற்றுகின்றன. அருவி குறைந்துவிட்டது என்று கீழே நின்று வருத்தப்படுகிறோம். மேலே காட்டுக்கு என்ன ஆயிற்று என்றும் கேட்க வேண்டும். உங்கள் மகன் கேட்டுவிட்டான்.

சென்னையிலிருந்து ரயிலில் வந்து இரண்டு நாள் தங்கலாம் என்று திட்டம். கும்பக்கரை, சுருளி, சின்னச் சுருளி, மேகமலை நான்கையும் பார்த்துவிடலாமா? என்னென்ன கொண்டு வர வேண்டும்?
– தாம்பரம் வாசகி

நான்கையும் பார்க்கலாம் அம்மா, வண்டி ஜன்னல் வழியாக. குளிக்க வேண்டும் என்றால் இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ரயில் வசதி இப்போது நன்றாக இருக்கிறது. அகலப்பாதை வேலைக்காகப் பல வருஷம் மூடிக்கிடந்த மதுரை–தேனி தடத்தில் 2022இல் மறுபடி வண்டி ஓடியது. 2023 ஜூனில் போடிநாயக்கனூர் வரை நீட்டி, சென்னை சென்ட்ரலிலிருந்து நேர் வண்டியும் விட்டார்கள். அது தினமும் கிடையாது, கிழமை பார்த்து முன்பதிவு செய்யுங்கள். தேனியில் இறங்கித் தங்கிக்கொள்ளுங்கள்.

முதல் நாள் காலையில் கும்பக்கரை. மேலே சொன்ன காரணத்தால் மதியத்துக்கு முன் குளித்து முடித்து ஏறிவிடுங்கள். இரண்டாம் நாள் கம்பம் வழியாகச் சுருளி. மேகமலையை இதில் சேர்க்காதீர்கள். சின்னமனூரிலிருந்து 18 கொண்டை ஊசி வளைவுகள், தென்பழனியில் வனத்துறைச் சோதனைச் சாவடி, மாலை 6 மணிக்கு மேல் விடமாட்டார்கள். அவசரமாகப் போய்த் திரும்புகிற இடம் அது இல்லை. தனியாக ஒரு முறை, இரவு மேலே தங்குகிற மாதிரி வாருங்கள்.

உடைக்குச் சுடிதார் வசதி. சேலையில் குளிக்கப் போனால் நனைந்த முந்தானை காலைச் சுற்றும், பாறையில் அது ஆபத்து. ரப்பர் செருப்பை விட்டுவிட்டு, அடி சொரசொரப்பாக உள்ள, பின்பட்டி வைத்த செருப்பு போடுங்கள். நகையைக் கழற்றி விடுதியிலேயே வைத்துவிடுங்கள், அருவிக்கடியில் சங்கிலி அறுந்தால் கிடைக்காது. சுருளிப் பாதையில் குரங்கு அதிகம். கையில் பை தொங்கினால் அதில் தின்பண்டம் இருக்கிறது என்று அதற்குத் தெரியும். சாப்பாட்டை வண்டியிலேயே வைத்துவிட்டுத் திரும்பி வந்து சாப்பிடுங்கள்.

திரும்பும்போது சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டங்கள் பக்கம் வண்டியை நிறுத்துங்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மற்ற இடங்களில் ஒரு பருவத்தோடு சரி, இங்கே வருஷம் முழுவதும் எங்காவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும். விதை உள்ள பழம், கறுப்பு, தோல் மெல்லியது. பெட்டியில் அடுக்கியதை வாங்காமல், வெட்டிக்கொண்டிருக்கும் தோட்டமாகப் பார்த்துக் கொத்தாக வாங்குங்கள். மருந்து அடித்திருப்பார்கள், அங்கேயே வாயில் போட்டுவிடாமல் உப்புத் தண்ணீரில் ஊறவைத்து நன்றாகக் கழுவிய பிறகு பிள்ளைகளுக்குக் கொடுங்கள். ரயிலுக்குக் கொண்டு போவதானால் அட்டைப்பெட்டி கேளுங்கள், பையில் போட்டால் மதுரை தாண்டுவதற்குள் நசுங்கிவிடும்.